பிரித்த கவரும் பிரிக்காத கவரும்

ஜானகி அக்கா போய்விட்டார் என்ற செய்தி டவுன் பஸ்ஸில் வைத்து எனக்கு வந்தது. பரவையில் இருக்கும் எங்கள் அப்பளக் கம்பெனியின் குடோனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். குடோனைப் பார்த்துக்கொள்ளும் பாண்டி அண்ணன் போன் செய்தார். "தம்பி, நம்ம ஜானகியம்மா காலையில எந்திரிக்கலையாம்ப்பா. தூக்கத்துலயே போயிருச்சு" என்றார். நான் என்னண்ணே, என்னண்ணே என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் சொன்னது நன்றாகத்தான் கேட்டது. அதை வாங்கிக்கொள்ளத்தான் மனசு ஒப்பவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறி, சிம்மக்கல்லில் இருக்கும் ஆபீசுக்கே திரும்பினேன். தெப்பக்குளத்துப் பக்கம் இருக்கும் அவர் வீட்டுக்குத்தான் முதலில் ஓடியிருக்க வேண்டும். ஆனால் அக்காவுக்கு ஒரே மகன், மோகன், பெங்களூரில் இருந்தான். அவன் போன் நம்பர் அக்காவிடமும் இல்லை, அக்காவின் தங்கையிடமும் இல்லை. இருந்தது ஒரு மெயில் முகவரி மட்டும். அதுவும் அக்காவின் கம்ப்யூட்டரில்தான் இருந்தது.

அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய கணக்கிலிருந்தே எழுதினேன். என் முகவரியிலிருந்து போட்டால் யாரோ என்று தள்ளிவிடுவானோ என்று பயம். நான் செல்வம், அம்மாவோடு வேலை பார்ப்பவன் என்று தொடங்கி, அம்மா தவறிவிட்டார், சாயங்காலம் வரை வைத்திருப்போம், வாருங்கள் என்று முடித்தேன். அனுப்பிய கடிதங்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். என் கடிதத்துக்குப் பக்கத்தில் வாய் திறந்த கவர் ஒன்று குட்டிப் படமாக நின்றது. வேறு யாராவது பார்த்திருந்தால், அப்பாடா, அவன் பிரித்துவிட்டான் என்று நிம்மதியாகியிருப்பார்கள். அந்தப் படத்தின் யோக்கியதை எனக்குத் தெரியும். அதைக் கண்டுபிடித்தவரே ஜானகி அக்காதான்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் எங்கள் ஆபீசில் இருந்தவர்கள். "இது என்ன படம்? ஏன் இந்தப் படம்?" என்ற அக்காவின் கேள்விக்கு ஆளாகாமல் ஒருத்தரும் தப்பித்திருக்க மாட்டீர்கள். நான்தான் அதிகம் மாட்டியவன். டைப்ரைட்டரை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்த நாளிலிருந்து அவர் மேஜையும் என் மேஜையும் ஒட்டித்தான் இருந்தன. எனக்கோ பொறுமை கிடையாது. எதை அழுத்தினால் வேலை நடக்கும் என்று தெரிந்தால் போதும், அது ஏன் அப்படி இருக்கிறது என்று என் வாழ்நாளில் நான் யோசித்ததில்லை. அக்காவுக்கு அந்த ஏன் தெரியாவிட்டால் சாப்பாடு இறங்காது.

முதல் கேள்வி கிளிப் பற்றி வந்தது. ஒரு மெயிலுக்குப் பக்கத்தில் கிளிப் படம் இருந்தால் அதோடு வேறு ஏதோ சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். அக்கா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரையையே பார்த்தார். நம் ஊரில் பேப்பரோடு பேப்பரைச் சேர்க்கக் குண்டூசிதானே குத்துகிறோம், இதைச் செய்தவன் ஏன் கிளிப்பைப் போட்டான் என்று கேட்டார். தெரியாது அக்கா என்றேன். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவர் தாமாகவே சொன்னார்: "குண்டூசி படம் போட்டா இம்புட்டுக் குட்டியில வெறும் கோடாத்தான் தெரியும் தம்பி. கிளிப்புல வளைவு இருக்குல்ல, அதான்." நான் தயிர்சாதத்தில் இருந்தேன். இருக்கும்க்கா என்று சொல்லிவைத்தேன். இன்றைக்கு யோசித்தால் அது சரியான பதிலாகத்தான் படுகிறது.

பிள்ளையார் விவகாரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் கம்பெனிக் கடிதத்தாளின் உச்சியில் பிள்ளையார் படம் அச்சடித்திருக்கும். மெயிலுக்கும் அப்படியே வேண்டும் என்று முதலாளி ஒற்றைக்காலில் நின்றார். கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவர் வந்து ஏதோ செய்து, ஒவ்வொரு மெயிலின் தலையிலும் பிள்ளையாரை உட்கார வைத்துவிட்டுப் போனார். எங்கள் திரையில் அம்சமாக இருந்தது. அடுத்த வாரம் மலேசியாவில் எங்களிடம் சரக்கு எடுக்கும் பெரியவர் போனில் முதலாளியைப் பிடித்துக்கொண்டார். சாமி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் சிவப்பில் பெருக்கல் குறி போட்டு அனுப்புகிறீர்களே, எந்த ஊர் வழக்கம் இது, என் யாவாரம் விளங்க வேண்டாமா என்று கேட்டாராம். முதலாளி வெலவெலத்துப் போனார். பரிகாரம் செய்யலாமா என்று கூட யோசித்தார்.

அக்கா பரிகாரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொன்னார். எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று, தங்கை மகளுக்கு ஒன்று என்று அதே மெயிலை அனுப்பினார். யாருக்குச் சாமி வந்தார், யாருக்குச் சிவப்புக் குறி வந்தது என்று போன் போட்டு விசாரித்தார். கடைசியில் என்னிடம் சொன்னது இதுதான். நாம் படத்தை அனுப்பவில்லை, படம் இருக்கிற இடத்தின் விலாசத்தைத்தான் அனுப்புகிறோம், சில பேருடைய கம்ப்யூட்டர் அங்கே போய் எடுத்துவர மாட்டேன் என்கிறது. கடைக்காரரைக் கேட்டால் ஆமாம் என்றார். சரி, படத்தையே கூட வைத்து அனுப்புவோம் என்று மாற்றினோம். உடனே எங்கள் மெயில் எல்லாவற்றுக்கும் கிளிப் வந்து ஒட்டிக்கொண்டது. வாடிக்கையாளர்கள் பில் இருக்கிறதாக்கும் என்று திறந்து பார்த்து, பிள்ளையாரைக் கண்டு ஏமாந்தார்கள். "எல்லாத்துக்கும் கிளிப் போட்டா அப்புறம் கிளிப்புக்கு என்ன மரியாதை?" என்று அக்கா முதலாளியிடமே கேட்டுவிட்டார்.

தீர்வும் அவருடையதுதான். படத்தை எடுத்துவிட்டு, மெயிலின் உச்சியில் நடுவாக ஒரே ஒரு "உ" தட்டினார். பிள்ளையார் சுழி. எழுத்துக்குக் கட்டமும் இல்லை, கிளிப்பும் இல்லை, எந்த ஊருக்குப் போனாலும் அப்படியே போய்ச் சேரும். மலேசியப் பெரியவர் போன் செய்து, இப்பத்தான் மதுரையில இருந்து வந்த கடுதாசி மாதிரி இருக்கு என்றாராம். இன்றைக்கும் எங்கள் மெயில் எல்லாம் அந்த "உ"வோடுதான் போகிறது.

கவர் விஷயத்துக்கு வருகிறேன். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் மென்பொருள் பழையது. வந்த மெயில் படிக்காமல் இருந்தால் மூடிய கவர் படம் காட்டும், படித்துவிட்டால் வாய் திறந்த கவர் ஆகிவிடும். ஒருநாள் அக்கா எங்கேயோ மவுசின் வலது பக்கப் பொத்தானை அழுத்தி, வந்த பட்டியலில் ஒன்றைத் தட்டியிருக்கிறார். "தம்பி, இங்க வந்து பாரு. பிரிச்ச கவரு திரும்ப ஒட்டிக்கிச்சு" என்று கூப்பிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. படித்த கடிதத்தைப் படிக்காததாக ஆக்கும் வசதி எதற்கு, எவனுக்கு அது தேவைப்பட்டது என்று இரண்டு மூன்று நாள் அதே பேச்சாக இருந்தார். பிறகு அதற்கு ஒரு வேலை கொடுத்தார். ஆர்டர் மெயில் வந்தால் படிப்பார், படித்ததும் மூடிவிடுவார். பரவையிலிருந்து சரக்குக் கிளம்பி, வாடிக்கையாளருக்குப் பதிலும் போன பிறகுதான் அந்தக் கவரைத் திறந்தபடி விடுவார். "பதில் சொல்ற வரைக்கும் கவரு மூடியே இருக்கணும். தெறந்து கெடந்தா வேலை முடிஞ்சிருச்சுன்னு மனசு ஏமாந்துரும்" என்பார். எங்கள் ஆபீஸ் முழுக்க அதுவே சட்டமாகிவிட்டது.

இனி மோகன். அக்கா சௌராஷ்டிரக் குடும்பம். மகன் வேறு சாதியில் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அக்காவின் வீட்டுக்காரர் அவனை வாசல் மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார், அக்கா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நீயும் பேசாமத்தானே நின்ன என்று மகன் தாயிடம் கேட்டுவிட்டுப் போனவன்தான். போன் நம்பரை மாற்றிவிட்டான். அப்பா செத்ததற்கும் வரவில்லை. அவன் வேலைக்கு மனுப் போட்ட காலத்து மெயில் முகவரி ஒன்று அக்காவிடம் மிஞ்சியிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் வேலை முடிந்ததும் அதற்கு ஒரு மெயில் எழுதுவார். தமிழ் எழுத்தில், அவர்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் எழுதுவார். நான் எட்டிப் பார்த்தாலும் எனக்கு ஒரு எழவும் விளங்காது. என்னதான் எழுதுவீங்க என்று கேட்டேன். ஆபீசுல நடந்தது, கிளிப்பு, கவரு, பிள்ளையாரு, வேற என்ன என்றார்.

பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் அக்கா சந்தோஷமாகத்தான் இருந்தார். ஏனென்றால் அனுப்பிய பக்கத்தில் மகனுக்குப் போன கடிதம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் வாய் திறந்த கவர் படம் இருந்தது. "பதில்தான் போடல. பிரிச்சுப் படிச்சிட்டு இருக்கான்" என்று என்னிடம் காட்டினார். நானும் அப்படித்தான் நினைத்தேன். படம் திறந்துதானே இருந்தது?

ஒரு பொங்கலுக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். மாட்டுப் பொங்கல் முடிந்து ஆபீசுக்கு வந்து, கம்ப்யூட்டரைக்கூட இன்னும் போடவில்லை. அக்கா என் மேஜைக்கு வந்து நின்றார். நீ ஊர்ல இருக்கையில உனக்கு ஒரு மெயில் போட்டேன், படிச்சியா என்று கேட்டார். இல்லக்கா, இனிமேத்தான் என்றேன். வா என்று கூட்டிக்கொண்டு போய்த் திரையைக் காட்டினார். எனக்கு அனுப்பிய மெயிலின் பக்கத்தில் கவர் வாய் திறந்து கிடந்தது.

அக்கா சந்தேகப்பட்டுத்தான் அதை அனுப்பியிருக்கிறார். ஒரு நாள் தப்பாமல் இத்தனை வெள்ளிக்கிழமைக் கடிதமும் அனுப்பிய நொடியிலேயே திறந்துகொள்வது எப்படி என்று கேள்வி வந்திருக்கிறது. அனுப்பின கடுதாசிய நாமதான எழுதினோம், நமக்குத் தெரிஞ்ச கடுதாசிங்கிறதால அது தெறந்தே இருக்கு, அவன் பிரிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, என்று எனக்கு விளக்கினார். குரல் தடுமாறவில்லை. கேள்வி கேட்காமல் இருந்திருந்தால் அந்த நிம்மதியாவது மிஞ்சியிருக்குமே அக்கா என்று மனசுக்குள் திட்டினேன்.

நான் ஒரு யோசனை சொன்னேன். மெயிலைத் திறந்தவுடன் அனுப்பியவருக்குத் தகவல் வரும்படி செய்ய ஒரு வசதி உண்டு. திறக்கிறவரிடம், படித்துவிட்டதாகச் சொல்லலாமா என்று அது கேட்கும், அவர் சரி என்றால் நமக்குத் தெரிந்துவிடும். போட்டுத் தரட்டுமா என்றேன். அக்கா அதையும் விவரமாகக் கேட்டுக்கொண்டார், எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று கூடப் பார்த்தார். பிறகு வேண்டாம் என்றார். அம்மாவுக்குச் சொல்லவா வேண்டாமா என்று ஒரு மிஷின் அவனை வாராவாரம் கேட்க வேண்டாம் என்பது அவர் கட்சி.

அந்த வெள்ளிக்கிழமை அவர் எழுதுவாரா என்று நானும், குடோன் கணக்குக் கொடுக்க வந்திருந்த பாண்டி அண்ணனும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம். வேலை முடிந்தது. அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தட்ட ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் ஏங்க்கா என்று கேட்டேவிட்டேன். அவர் தட்டுவதை நிறுத்தவில்லை.

"பிரிஞ்சிருந்தா படிச்சிட்டான்னு நெனச்சது தப்புதானே? அப்ப அவன் பக்கத்துல மூடியிருந்தா படிக்கலைன்னு நெனைக்கிறதும் தப்பாத்தான் இருக்கணும். மூடியிருக்கு, அம்புட்டுத்தான். ஆளு என்ன நெனைக்கிறான்னு குட்டிப் படத்துக்கு என்ன தெரியும்?"

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை ஒன்றையும் அவர் விடவில்லை. தெப்பத்திருவிழாக் கூட்டத்தில் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்த நாளில்கூட நின்றபடியே எழுதி அனுப்பிவிட்டுப் போனார்.

அக்கா தவறிய அன்றைக்கு வெயில் சாய்கிற நேரத்தில் மோகன் வந்துவிட்டான். மனைவியும் வந்திருந்தாள். தாயின் தலைமாட்டில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. எனக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இதே மெயிலை மட்டும் உடனே பிரிக்கத் தெரிந்ததா என்று கேட்க நாக்கு துடித்தது. துக்க வீட்டில் வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு, அக்காவின் பொருட்களை எடுத்துப் போக ஆபீசுக்கு வந்தான். கண்ணாடிக் கூடு, சாப்பாட்டுத் தூக்கு, நாற்காலியில் போட்டிருந்த துண்டு, அவ்வளவுதான் இருந்தது. அம்மாவின் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்காரலாமா என்று கேட்டான். உட்கார்ந்து, தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினான். அம்மாவின் பெயர் மேலிருந்து கீழ்வரை வரிசையாக இருந்தது. எல்லாம் தடித்த எழுத்தில். அவன் போனில் தடித்த எழுத்து என்றால் பிரிக்காத கடிதம்.

ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லையா என்று கேட்டேவிட்டேன். சத்தம் கொஞ்சம் கூடத்தான் வந்துவிட்டது. அவனைக் கூட்டிவந்திருந்த பாண்டி அண்ணன் என் தோளைப் பிடித்தார்.

"எல்லாத்தையும் படிச்சிருக்கேண்ணே" என்றான் மோகன். "படிச்சிட்டு மூடிருவேன். அம்மாதான் எழுதியிருந்தாங்க, பதில் சொல்ற வரைக்கும் கவரு மூடியே இருக்கணும்னு. கோவம் எப்பவோ போயிருச்சு. அப்புறம் வெக்கம் வந்திருச்சு. எதை எழுதி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. நீங்க மெயில் போட்ட அன்னைக்குச் செவ்வாக்கிழமை. அம்மா செவ்வாக்கிழமை எழுத மாட்டாங்க. பேரைப் பார்த்ததுமே ஏதோ ஆகிப்போச்சுன்னு உடனே பிரிச்சேன்."

படுபாவி, "உ" என்று ஒரே ஒரு எழுத்தாவது தட்டி அனுப்பியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். இன்றைக்கும் நினைக்கிறேன். தான் படித்தது அம்மாவுக்குத் தெரியுமா என்று அவன் கேட்டான். தெரியாது என்றேன். பொய் சொல்ல வரவில்லை. ஆனால் அக்கா சொன்னதை, மூடியிருந்தால் படிக்கவில்லை என்று நினைப்பதும் தப்பு என்று அவர் சொன்னதை, அப்படியே அவனிடம் சொன்னேன். அவன் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். பாண்டி அண்ணன் டீ சொல்லப் போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

கிளம்பும்போது, அம்மாவின் மெயில் கணக்கை மூடிவிடுவீர்களா என்று கேட்டான். முதலாளி அப்படித்தான் சொல்லியிருந்தார். மூட மாட்டோம் என்று நான் சொல்லிவிட்டேன். பிறகு முதலாளியிடம் போய் நின்று பேசியதும், அவர் கடைசியில் சரி போ என்றதும் தனிக் கதை.

ஜானகி அக்காவிடமிருந்து நான் என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்டால், பொறுமையை வாங்கிக்கொள்ளவில்லை. அது எனக்கு ஒட்டாது. கேள்வி கேட்கிற பழக்கம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. இப்போதெல்லாம் திரையில் ஒரு குட்டிப் படத்தைப் பார்த்தால், இது எனக்கு என்ன சொல்கிறது, நானாக என்ன நினைத்துக்கொள்கிறேன் என்று கொஞ்சம் நிற்கிறேன். மனுஷர்கள் முகத்தைப் பார்த்தாலும் அப்படித்தான்.

இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில் அக்காவின் கம்ப்யூட்டரில் ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் மோகன். அக்கா முதன்முதலில் அவனுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில். அவர்கள் வீட்டுப் பேச்சில்தான் எழுதியிருப்பான், திறந்தாலும் எனக்கு ஒன்றும் விளங்காது. இருந்தாலும் கை துறுதுறுத்தது, அக்காவாக இருந்தால் இந்நேரம் தட்டியிருப்பார். நான் தட்டவில்லை. அது அவருக்கு வந்தது. அந்தக் கவர் மூடியிருக்கிறது, அம்புட்டுத்தான்.